ஆறில் ஒரு படம்

முதல் டிஸ்கில் மாப்பிள்ளையின் முகம் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. டிவியின் மேல் விளிம்பில் மறைந்தது, கீழ் விளிம்பில் முளைத்தது, மறுபடியும் மேலே ஏறியது. நிறமும் போய்க் கறுப்பு வெள்ளையாக இருந்தது. அப்பா கொஞ்ச நேரம் தலையை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பையன் குட்டிக்கரணம் போடுறான்" என்றார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, உருளுகிற அந்த முகத்தில் உதடு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குக் காது கேட்காது. நன்றாகப் பேச்சு வந்து, பள்ளிக்கூடத்துக்கும் போக ஆரம்பித்த பிறகு வந்த ஒரு காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு தங்கிவிட்டது. குரல் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் வரும். புதிதாகக் கேட்பவர்கள் ஒரு கணம் முழிப்பார்கள். மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். அதற்கு வெளிச்சம் வேண்டும், முகம் அவள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அவளுக்குத் தெரியாமல் பேச நினைப்பவர்கள் முதுகைக் காட்டித்தான் பேசுவார்கள். அப்பாவுக்கு அது பழக்கமாகவே ஆகிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும்.

மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் பாலசமுத்திரம். ஜப்பானில் ஒரு தென்னிந்திய ஓட்டலில் சமையல் மாஸ்டர். அவருடைய அண்ணன்தான் மலையேறி வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார். பேசி முடிக்கும்வரை அக்கா பக்கம் அவர் திரும்பவே இல்லை. அக்காவைப் பற்றி அப்பாவிடமும் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டார். இரண்டாம் முறை வந்தபோது ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். "போன்ல பேச முடியாதுல்லங்க, அதான் தம்பி வீடியோ எடுத்து அனுப்பிருக்கான். பாருங்க. ஞாயித்துக்கெழம வெள்ளனே வந்து தட்டு மாத்திக்கிருவோம்."

தட்டு மாற்றிவிட்டால் எங்கள் பக்கம் அது கல்யாணம் முடிந்த மாதிரிதான். அதற்கப்புறம் பெண் வீடு பின்வாங்கினால் அந்தப் பெண்ணை இன்னொருவர் வந்து பார்க்க மாட்டார். ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று அக்கா முழுசாகப் பார்த்தாக வேண்டும். நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றி அவளுக்குக் கிடைக்கப்போகிற ஒரே சாட்சி அதுதான். செல்போனில் ஒரு கோடு சிக்னல் வேண்டுமென்றாலே பூண்டுத் தோட்டத்து உச்சிக்கு ஏற வேண்டிய ஊர் எங்களுடையது. முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் அப்போது கொடைக்கானல் டவுனோடு நின்றுவிடும். நம்பர் கொடுங்கள், நானாவது பேசுகிறேன் என்று கேட்டதற்கு அண்ணன்காரர், "நல்ல காரியம் முடியட்டும் தங்கச்சி" என்று பிடி கொடுக்காமல் போய்விட்டார்.

டிஸ்க் போடுவது என் வேலை. நான் டவுனில் ஒரு விடுதியின் வரவேற்பில் இருந்தேன். மிச்ச நேரத்தில் ஊர்க்காரர்களின் காதுகுத்து, திருவிழா வீடியோக்களையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் டிவிடியாகப் போட்டுக் கொடுப்பேன். அந்தக் கம்ப்யூட்டர் என்னைவிடக் களைத்துப்போனது. மாப்பிள்ளையின் வீடியோவை அதில் நேராக ஓட்டினால் படம் நின்று நின்று நகரும், சத்தம் தன்பாட்டுக்கு முன்னால் ஓடும். மானிட்டர் வேறு மங்கிப் பழுத்துக் கிடந்தது. அதில் எழுத்தைப் படிக்கலாம், உதட்டைப் படிக்க முடியாது. டிவியில் ஓட்டினால்தான் அக்காவுக்குப் பிரயோஜனம்.

முகம் ஏன் உருண்டது என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஜப்பான் கேமரா விநாடிக்கு முப்பது படம் பிடிக்கும். எங்கள் பழைய டிவிக்கு விநாடிக்கு இருபத்தைந்துதான் கணக்கு. முப்பதை முப்பதாகவே டிஸ்கில் போட்டால் டிவி திணறும். முப்பதை இருபத்தைந்தாக்க வேண்டும். சாஃப்ட்வேரில் அதற்கொரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன், மதியம் முழுக்க மென்றது, சாயங்காலம் இரண்டாவது டிஸ்க் வந்தது.

மாப்பிள்ளை நிறத்தோடு நின்றார். ஒரு ஜன்னல் ஓரமாக, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்திருந்தார். மீசையை மழித்திருந்தார். "வணக்கங்க. நீங்க உதட்டப் பாத்தே புரிஞ்சுக்குவீங்கன்னு அண்ணன் சொன்னாரு. அதான் வெளிச்சமாப் பாத்து ஒக்காந்துருக்கேன். வேகமாப் பேசிட்டா மன்னிச்சுக்கிருங்க" என்று ஆரம்பித்தார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அவளுக்கு அப்போதே பிடித்துவிட்டது. வேலை, சம்பளம், தங்குகிற அறை, அங்கே பெய்கிற பனி என்று சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் ஓரிடத்தில் நாதஸ்வரமும் தவிலும் பொங்கி எழுந்து அவர் குரலை மூடிவிட்டன. கொஞ்ச நேரம் கழித்துத் தணிந்தபோது, "எதுவா இருந்தாலும் யோசிச்சுச் சொல்லுங்க" என்று முடித்துக்கொண்டிருந்தார்.

எங்களில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. கீழே பழனியில் கல்யாண வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். காற்று இரைச்சல், குழந்தை அழுகை, சாப்பாட்டுப் பந்தியில் சண்டை, எது வந்தாலும் மேலே ஒரு நாதஸ்வரத்தைப் போர்த்திவிடுவார்கள். நானே எத்தனையோ காதுகுத்துக்கு அப்படிப் போர்த்தியிருக்கிறேன்.

"பையன் தங்கம்" என்று எழுந்தார் அப்பா. அக்கா என் தோளைத் தட்டினாள்.

"கடைசிக்கு முன்னாடி என்ன சொல்றாரு?"

"அங்க ஒண்ணும் இல்லக்கா. நாதஸ்வரம் ஓடுது."

"அவரு வாய் ஓடுதுடி."

ரிமோட்டில் பின்னால் தள்ளி அந்த இடத்தை மறுபடி போட்டேன். சத்தத்தை அடக்கிவிட்டு அவளைப் போல வெறும் படமாகப் பார்த்தேன். ஆமாம். அதுவரை சிரித்துச் சிரித்துப் பேசியவர் அந்த இடத்தில் சிரிக்கவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டு, கேமராவுக்குள் பார்த்து, எதையோ நிறையச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உனக்கு என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. ஒரு வாய்க்கு மேல இன்னொரு வாய் இருக்கு."

படத்தை நிறுத்திப் பார்த்தபோது அவள் சொன்னது விளங்கியது. முப்பதை இருபத்தைந்தாக்கச் சொன்னால் அந்தப் பொத்தான் பக்கத்துப் பக்கத்துப் படங்களைக் குழைத்து ஒன்றாக்கிவிடுகிறது. திறந்த வாயும் மூடிய வாயும் ஒரே படத்தில் பேய் மாதிரித் தெரிந்தன. காது உள்ளவர்களுக்கு அது உறுத்தவே உறுத்தாது; அவர்கள்தான் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே. அக்காவுக்கோ, முன்பகுதியில் அவர் நிதானமாகச் சொன்னது பாதி கிடைத்தது. இந்த இடத்தில் அவர் வேகமெடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். குழைக்காமல் செய்ய இன்னொரு வழி உண்டு. ஆறு படத்துக்கு ஒரு படத்தைத் தூக்கிப் போட்டுவிடுவது. மிச்சம் ஐந்தும் சுத்தமாக இருக்கும். அப்படியே செய்தேன். பாதி எழுதும்போது கரண்ட் போனது, டிஸ்க் பாழ். கரண்ட் வந்ததும் மறுபடி ஆரம்பித்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள், ஆனால் கத்தி அடிக்கடி நின்றுவிட்டது.

மூன்றாவது டிஸ்கில் வாய் சுத்தமாகத் தெரிந்தது, ஆனால் வெட்டி வெட்டிக் குதித்தது. அந்த இடத்தை அவள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். கண்ணைக் கசக்கிக்கொண்டாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு வார்த்தைதான் ஒறுதியாத் தெரியுது. ஒண்ணு கல்யாணம். இன்னொண்ணு மறைக்க."

"என்ன மறைக்க?"

"அதுதான் குதிச்சிருதே."

அந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு என் புத்தி போகாத இடமில்லை. அங்கே ஒரு பெண்டாட்டி இருக்கிறாளா? விருப்பமில்லாமல் கட்டிவைக்கிறார்களா? நோயா? அந்த நாதஸ்வரம் காற்று இரைச்சலுக்குப் போட்டதல்ல என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகிவிட்டது. அப்போதே தோட்டத்துக்கு ஓடி அப்பாவிடம் சொல்லியிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அரைகொறையாச் சொல்லாத. முழுசும் தெரியட்டும்."

அப்பா மத்தியானச் சோற்றுக்கு வந்தவர் டிவியில் உறைந்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டார். "இன்னும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கீகளா? வீடு மெழுகணும், பாத்திரம் வெளக்கணும், வேற சோலி இல்லையா?"

"ஒரு இடத்துல பேச்சு கேக்கல, அதான்" என்றேன்.

அவர் அக்காவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஏத்தா, பண்ணைக்காட்டுக்காரன் வந்தான், அவ பேச்சக் கேட்டதும் எந்திரிச்சுப் போயிட்டான். அதுக்கு முன்னாடி வந்தவன் ரெண்டாந்தாரமாக் கேட்டான். இவன் ஒருத்தன்தான் அவ கொறையத் தெரிஞ்சே வர்றான். நீ பாட்டுக்கு எதையாச்சும் கெளப்பி விட்டுறாத." குரல் உடைந்துவிடும்போல் இருந்தது. நியாயமாக எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் என்ன?

அன்றைக்குச் சாயங்காலம் மூடுபனி இறங்கி, கரண்டும் போய், வீடு இருண்டுவிட்டது. இருட்டில் அக்காவோடு பேச முடியாது. வாசலுக்குக் கூட்டிவந்து, மிச்சமிருந்த வெளிச்சத்தில் அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். குழைத்தால் வாய் இரண்டாகிறது. தூக்கிப் போட்டால் குதிக்கிறது. முப்பதும் வேண்டும், டிவிக்கு இருபத்தைந்தும் வேண்டும் என்றால் நடக்கிற காரியமில்லை.

"அந்த முப்பதையும் அப்படியே மெதுவா ஓட்டேன்" என்றாள்.

"ஓட்டலாம். ஒரு படமும் தொலையாது. ஆனா அஞ்சு விநாடிப் பேச்சு ஆறு விநாடி ஆகும். கொரல் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கெட்டுப்போகும். சத்தம் நல்லா இருக்கணும்னா..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் நிறுத்திவிட்டேன். அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் நல்லா இருக்கணும்னா. யாருக்கு? இத்தனை நாளும் நான் யாருடைய காதுக்காக அவள் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்? தலையில் அடித்துக்கொண்டேன். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளும் சிரித்துக்கொண்டே என் தலையில் ஒன்று போட்டாள்.

சனிக்கிழமை காலையில் அப்பா தோட்டத்துக்குப் போனதும் ஆரம்பித்தேன். சத்தத்தை முழுசாகப் பிடுங்கி எறிந்தேன். நாதஸ்வரம், தவில், குரல் எல்லாம் போயிற்று. முப்பது படங்களையும் ஒன்றுகூட விடாமல் வரிசையாக, விநாடிக்கு இருபத்தைந்து என்ற கணக்கில் அடுக்கினேன். கையிலிருந்தது கடைசி வெற்று டிஸ்க். இன்னொன்று வேண்டுமென்றால் டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும், திரும்பி வருவதற்குள் அப்பா வந்துவிடுவார். டிஸ்க் சுற்ற ஆரம்பித்ததும் மேலே எரிகிற பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை மினுங்கியது. அணையவில்லை.

ஓட்டும்போது அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். "சத்தத்தக் காணோம்?" என்றாள். "இது அக்காவுக்குப் போட்டதும்மா" என்றேன். மாப்பிள்ளை தண்ணீருக்குள் இருந்து பேசுகிறவரைப் போல மெதுவாக வாயைத் திறந்து மூடினார். அந்த இடம் வந்தது. அக்கா முன்னால் சாய்ந்தாள். பிறகு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் சொல்லச் சொல்ல அவளும் சொன்னாள். ஏற்ற இறக்கமில்லாத அவளுடைய குரலில்தான் அந்த ஆளின் பேச்சை நாங்கள் கேட்டோம்.

"எனக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருக்கு. அவ இப்ப உசுரோட இல்ல. பிரசவத்துல தவறிட்டா. பிள்ளை இருக்கு. பொம்பளப் பிள்ளை. பள்ளிக்கூடம் போகுது. இதச் சொல்லக் கூடாது, மறைக்கணும்னு வீட்டுல சொல்றாங்க. எனக்கு மனசு வரல. ஒங்ககிட்ட நானே சொல்லணும்னுதான் இந்த வீடியோவே எடுத்தேன்."

அம்மா, "பொம்பளப் பிள்ளையா" என்றாள், அது ஒன்றுதான் காதில் விழுந்த மாதிரி. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த இடத்தை வெட்டி எடுத்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அண்ணன்காரருக்கு அது தோன்றவில்லை. ரகசியம் என்றால் அவருக்குக் காதில் விழுகிற ஒன்று. சத்தத்தை மூடினால் ரகசியமும் மூடிக்கொள்ளும். வீட்டில் காது உள்ளவர்கள் மூன்று பேர், எங்களிடமிருந்து மறைத்துவிட்டார். உதட்டைப் படிப்பாள் என்று தம்பியிடம் சொன்னவரே அவர்தான், ஆனாலும் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; காது கேட்காதவளிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

"இன்னைக்கே அப்பாகிட்டச் சொல்லணும்" என்றேன். அக்கா வேண்டாம் என்றாள்.

"சொன்னா வரவேண்டாம்னு சொல்லிருவாரு. இல்லன்னா தெரியாத மாதிரியே கட்டி வச்சிருவாரு. ரெண்டும் வேண்டாம். வரட்டும். நான் கேக்குறேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான்."

அன்று முழுக்க அம்மா அப்பாவின் கண்ணைப் பார்க்காமலே வேலை செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வெள்ளனே வந்துவிட்டார்கள். ஜீப்பைக் கீழ் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, அண்ணன்காரர், அவர் மனைவி, உறவில் இரண்டு பெரியவர்கள் என்று தட்டுகளோடு படியேறி வந்தார்கள். வெளியே மூடுபனியும் குளிரும். காப்பி கொடுத்தோம். அண்ணன் மனைவி காப்பியைக் குடிக்காமல், பையை வண்டியிலேயே வைத்துவிட்டேன் என்று இறங்கிப் போனார். வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனார். அவரிடம் பை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

"நேரமாகுதுங்க, வெரசா மாத்திக்கிருவோம்" என்று அண்ணன்காரர் தட்டை எடுத்தார். அப்பாவும் எங்கள் தட்டை எடுத்துக்கொண்டார். அக்கா எழுந்து இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் போய் நின்றாள். அண்ணன்காரருக்கு நேர் எதிரே, அவர் உதடு தெரிகிற இடத்தில்.

"அந்தப் பிள்ளை இப்ப யாருகிட்ட இருக்கு?"

அவருடைய முகத்தில் ரத்தமே இல்லை. "எந்தப் பிள்ளை?" என்றார்.

"ஒங்க தம்பி பிள்ளை."

அப்பா தட்டோடு அப்படியே நின்றார். "என்ன பிள்ளை? என்னங்க சொல்லுது இது?" என்று அண்ணன்காரரைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். யார் சொன்னது என்று அந்தப் பார்வை கேட்டது. அக்கா அதையும் படித்துவிட்டாள்.

"அவரே என்கிட்டச் சொல்லிட்டாரு. நீங்கதான் எங்கப்பாகிட்டச் சொல்லல."

பெரியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். அண்ணன்காரர், நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தோம் என்று ஏதோ சப்பைக்கட்டுக் கட்ட ஆரம்பித்தார். அவர் மனைவிதான் அதைப் பொறுக்க முடியாமல் கதவோரத்திலிருந்து சொன்னார்: "வண்டியிலதாங்க இருக்கு. வீட்டுல விட்டுட்டு வர ஆளில்ல. தூங்கிருச்சு, அதான்..."

அப்பா தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டார். அக்காவைத் தன் பக்கம் திருப்பி, அவள் முகத்தைப் பார்த்து, "என்னத்தா செய்யலாம்?" என்று கேட்டார். அவள் படியிறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்குப் பின்னால் அண்ணன் மனைவி.

ஜீப் பூட்டியிருந்தது. கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். பின்சீட்டில், கொண்டையும் பூவுமாக யாரோ அழகாக ஜோடித்துவிட்ட ஒரு சின்னப் பெண் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் கண்ணாடிக்கு அருகில் நகர்ந்து வந்து ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அண்ணன் மனைவிக்கும் கேட்கவில்லை, "என்ன தங்கம், என்ன?" என்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"குளுருதாம்" என்றாள் அக்கா. "மொதல்ல கதவத் தொறங்க."